தேதியில்லாத கூட்டல் குறி

அரிப்பு இடது முழங்கைக்குக் கீழே, சட்டைக் கையின் மடிப்பு முடிகிற இடத்தில் இருந்தது. சொறியக் கூடாது என்று நல்லசிவம் அந்தக் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வலது கை தானாகவே கீழே போய்ச் சொறிந்துவிட்டு வந்தது. மணி பத்தேகால். எதிரே ரூபி சிஸ்டர் பட்டியலில் முதல் வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மொத்தம் நாற்பத்தொரு வரிகள். அவருடையது ஒன்பதாவது. அதை மட்டும் முதலில் போட்டுவிடலாமே என்று வந்ததும் வராததுமாகக் கேட்டுப் பார்த்தார். "வரிசைதான் சார். வரிசை மாறினா எனக்குக் குழம்பிரும். பெறவு யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடலன்னு நான் பைத்தியமா அலையணும்" என்றார் சிஸ்டர். இருபத்தாறு வருஷம் வார்டில் ஊசி போட்டவர், இப்போது இந்த ஆராய்ச்சி மையத்தில் பழைய நோயாளிகளுக்குப் போன் போடுகிறார். வார்டிலும் கட்டில் வரிசைப்படிதான் போவார், எவன் எவ்வளவு கத்தினாலும் சரி. நல்லசிவம் மறு பேச்சுப் பேசவில்லை. பேசினால் ஏன் அந்த ஒன்பதாவது என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லலாம்தான், சொல்ல முடியாததல்ல, ஆனால் காலை பத்தேகாலுக்குச் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அரிப்பு என்பது ஈரல் கெட்டதற்கு ஓர் அறிகுறி. பித்த உப்பு தோலுக்கு அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். ஆனால் அது ஒரே இடத்தில் அரிக்காது, உள்ளங்கையும் உள்ளங்காலும் அல்லவா முதலில் அரிக்கும். ஐம்பத்தாறு வயதில், முப்பது வருஷம் மருந்தியல் பாடம் நடத்திய பிறகு, காலையில் கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள். "என்னத்தத் தேடுதிய கண்ணுக்குள்ள?" என்று மனைவி கோமதி கேட்டாள். தூசி என்றார். தூசி என்று சொன்னால் அவள் முந்தானையைச் சுருட்டி ஊத வருவாள் என்று தெரிந்தும் சொன்னார். ஊதினாள். இல்லாத தூசி போய்விட்டது என்று சொல்லவும் வேண்டியிருந்தது.

நாற்பத்தொரு பேரையும் தேர்ந்தெடுத்தது மனிதர்கள் அல்ல, பெனாசிரின் கணினி. மையத்தின் கணினி வேலையைப் பார்க்கும் பெனாசிர் அடுத்த அறையில்தான் இருக்கிறாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு. மருந்தால் ஈரல் கெட்டுப்போனதா என்று சந்தேகப்பட்டு இந்த மையத்துக்கு வந்த கேஸ்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் குழு ஒரு விடை எழுதியிருந்தது. ஒன்று என்றால் மருந்துதான் காரணம். பூச்சியம் என்றால் மருந்து காரணமில்லை. அந்த விடைகளைப் படித்துத்தான் கணினி பழக வேண்டும், எந்த மூலக்கூறு, எவ்வளவு மில்லிகிராம், எத்தனையாவது நாளில், எந்த நொதி எத்தனை மடங்கு ஏறியது என்று பார்த்து, நாளை ஒரு புதிய மருந்து வரும்போது இது ஈரலைக் கடிக்குமா கடிக்காதா என்று முன்கூட்டியே சொல்ல. நல்ல காரியம். அவரே மூன்று வருஷமாக ஓடியாடி அனுமதி வாங்கிய காரியம். ஆனால் பெனாசிர் சும்மா பழக்கவில்லை. பத்தில் ஒரு பங்கு கேஸ்களை மறைத்துவைத்துவிட்டு மீதியைக் கொண்டு பழக்கி, மறைத்துவைத்ததற்கு விடை கேட்டாள். பிறகு அடுத்த பங்கை மறைத்தாள். இப்படிப் பத்து முறை. எங்கெல்லாம் கணினி அடித்துச் சொன்னதும் குழு எழுதியதும் நேரெதிராக இருந்ததோ அதையெல்லாம் ஒரு பட்டியலாக இறக்கினாள். "இதுல மெஷின் தப்பா இருக்கலாம் சார், நாம தப்பா இருக்கலாம். ரெண்டும் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே காகிதத்தைக் கொடுத்தாள். போன வியாழக்கிழமை. ஒன்பதாவது வரி: கேஸ் 417, பெண், முப்பத்து நான்கு, தோலில் வந்த படைக்குக் கொடுத்த மாத்திரை, இருபத்தொன்பதாவது நாள் காமாலை. குழுவின் விடை பூச்சியம். கணினியின் விடை, மருந்துதான் காரணம், தொண்ணூற்று மூன்று சதவீதம். கடைசிக் கட்டத்தில் கையொப்பமிட்டவரின் எழுத்து, ந.சி. அவருடையதுதான். அந்த மையத்தில் வேறு ந.சி. கிடையாது. வியாழனிலிருந்து இன்று செவ்வாய் வரை ஐந்து நாள், ஐந்து காலை, ஐந்து முறை கண்ணாடி.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய மதியம் அது. என்ன கிழமை என்று நினைவில்லை. வடை இருந்தது நினைவிருக்கிறது, தட்டில் எண்ணெய்க் காகிதத்தோடு, யாரோ பாதி தின்றுவிட்டு வைத்த வடை. முப்பத்திரண்டு கேஸ் தாள்கள். குழுவின் வழக்கம் இது. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து விடை எழுதுவார்கள், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் சரி. மோதினால் மூன்றாவது ஆள் படித்துச் சொல்வதுதான் முடிவு. அவர் மூன்றாவது ஆள். 417-இல் முதல் ஆள் ஒன்று என்றும் இரண்டாம் ஆள் பூச்சியம் என்றும் எழுதியிருந்தார்கள். முதல் ஆள் வில்பிரட், கூட வேலை பார்த்தவன். வில்பிரட்டின் கையெழுத்து எங்கிருந்தாலும் தெரியும், எதிலும் சந்தேகமே இல்லாதவனுடைய கையெழுத்து, கோட்டுக்கு வெளியே வழிகிற எழுத்து. அன்று காலைதான் ஏதோ ஒரு கூட்டத்தில் வில்பிரட் அவரைப் பேச்சில் இடைமறித்தான். என்ன விஷயம்? அது நினைவில்லை. அல்லது இடைமறித்தது வேறொரு நாளோ. வேறொரு நாளாக இருந்தால் நல்லது. ஐந்து நாளாக இந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது. தாளைப் படித்தேனா, வில்பிரட்டின் எழுத்தைப் படித்தேனா? தாளில் என்ன இருந்தது என்பது மட்டும் அச்சடித்ததுபோல் நிற்கிறது. நாட்டு மருந்து என்று எழுதி அருகில் ஒரு கூட்டல் குறி. உண்டு என்று பொருள். எந்த நாட்டு மருந்து, என்று குடித்தாள், எத்தனை நாள், எதுவும் இல்லை, ஒரு பயிற்சி மருத்துவர் நின்றுகொண்டே போட்ட கூட்டல் குறி. அதைப் பார்த்ததும் அவருக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. நாட்டு மருந்து குடித்திருக்கிறாள், அதில் என்ன ரசமோ என்ன கந்தகமோ, அதுதான் ஈரலைக் கெடுத்திருக்கும், பாவம் இந்த மாத்திரையை ஏன் குறை சொல்ல வேண்டும். பூச்சியம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. காலியாக விட்டுவிடலாம், பலர் விட்டுவிடுவார்கள். அவர் எழுதினார். காமாலை தெளிந்ததும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம். அந்தத் தாளின் நகல் சிகிச்சை செய்த மருத்துவருக்குப் போகும். அதுதான் முறை.

"இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்று ஒரு பெண் குரல் முதல் வரியை முடித்தது. ரூபி சிஸ்டர் ஸ்கேலைக் கீழே இறக்கினார். இரண்டாவது வரியில் அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் எடுத்தார், யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே மருமகள் காப்பி தருவதில்லை என்று சொல்லத் தொடங்கினார். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காப்பி தராட்டி மோர் குடிங்க தாத்தா, ஈரலுக்கு நல்லது. இப்ப நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். மூன்று கேள்விகள். கண் என்றைக்கு மஞ்சளானது. வேறு மருந்து ஏதாவது குடித்தீர்களா, குடித்தால் என்றைக்கு. சந்தேகப்பட்ட மாத்திரையைத் திரும்பச் சாப்பிட்டீர்களா. பெரியவருக்குப் பித்தப்பையில் கல் இருந்ததாம், ஆப்பரேஷன் செய்து எடுத்தார்களாம், நெல்லிக்காய் அளவு என்றார். அதன் பிறகு அதே மாத்திரையை எட்டு வருஷமாகத் தின்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இந்த வரியில் கணினிதான் தப்பு. நல்லசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணினி தப்பாகலாம். தொண்ணூற்று மூன்று என்றால் நூறில் ஏழு தப்பு. நூறு பேர் வரிசையில் நின்றால் ஏழு பேர் சும்மா வந்தவர்கள். நூறில் ஏழு பேர் பஸ்ஸில் இடம் பிடித்துவிடுகிறார்கள், லாட்டரியில்கூட விழுகிறது. அந்த ஏழில் அவள் இருக்கக் கூடாதா. மூன்று வருஷம் ஓடியாடி உண்டாக்கிய இயந்திரம் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற முதல் ஆள் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடேயே வேண்டிக்கொண்டார். மூன்றாவது வரியில் மகள் எடுத்தாள். அப்பா தவறிப்போய் நாலு வருஷமாகிறது என்றாள். நல்லசிவத்தின் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. "எதனாலம்மா?" என்று சிஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பைக்குல போகும்போது மாடு குறுக்க வந்துட்டு." மாடு. விளிம்பிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. ஒரு மனிதன் மாட்டின் மேல் மோதிச் செத்ததற்கு நான் ஆறுதல் அடைகிறேன் என்றால் என் ஈரலைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். நாலாவது வரியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாவது வரி ஒரு டீச்சர் அம்மா. தெளிவாக, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். கண் மஞ்சளானது ஆவணி கடைசியில். வேறு மருந்து? "கீழாநெல்லிதான் சிஸ்டர், அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சேன்." என்றைக்கு? டீச்சர் அம்மாவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "என்னைக்குன்னா? கண்ணு மஞ்சளானப் பெறகுதான். காமாலை வராம எவளாவது கீழாநெல்லி குடிப்பாளா?" சிஸ்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். நல்லசிவம் சிரிக்கவில்லை. கை சொறிவதைக்கூட நிறுத்திவிட்டது. ஐந்து நாளாக அந்தக் கூட்டல் குறியைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு, வில்பிரட், வடை, பூச்சியம் என்று சுற்றியவருக்கு, இது ஏன் ஒரு முறைகூடத் தோன்றவில்லை. காமாலை வராமல் எவளாவது குடிப்பாளா. இந்த ஜில்லாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குப் பன்னிரண்டு வயதில் காமாலை வந்தபோது அத்தை வாய்க்கால் ஓரத்தில் குனிந்து குனிந்து பறித்து வந்தாளே, வேரோடு, மண் உதறி, ஆட்டுப்பாலில் அரைத்து வெறும் வயிற்றில், உப்பில்லாத கஞ்சி பதினைந்து நாள். கசப்பு இன்னும் நாக்கின் அடியில் இருக்கிறது. அது காமாலைக்குக் காரணமில்லை, காமாலைக்கு மருந்து. முதலில் மஞ்சள், பிறகு பச்சை. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில், மூலிகை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறியைப் பார்த்ததும் அவர் அத்தையையும் வாய்க்காலையும் மறந்துபோய் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து படிக்கிற ஆளைப்போலப் படித்திருக்கிறார். அவர்களுக்குத் தெரியாது, சரி. இவருக்குத் தெரியுமே. நாக்குக்குத் தெரிந்தது பேனாவுக்குத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமைதான் பெனாசிரிடம் போய்ச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார், கணினி நாட்டு மருந்து விவரத்தையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்று. "அந்தக் கட்டத்த நான் குடுக்கவே இல்ல சார். முக்கால்வாசி காலி, மீதி வெறும் கூட்டல் குறி. தேதி இல்லாத விவரம் எனக்கு எதுக்கு? தூக்கிட்டேன்" என்றாள். தேதி இல்லாத விவரம். அவளுக்கு அது ஒரு காலிப் பெட்டி. அதை வைத்துத்தான் அவர் ஒரு முடிவே எழுதினார். ஆக இனிக் கணினி தப்பு என்று வேண்டிக்கொள்ள இடமில்லை. அந்த ஏழு பேர் வரிசையிலிருந்து கலைந்து போய்விட்டார்கள். மூன்றாவது கேள்விதான் மிச்சம். அவள் அந்த மாத்திரையைத் திரும்பத் தின்றாளா.

மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார். முதல் தடவை ஈரல் கெட இருபத்தொன்பது நாள் ஆனால் இரண்டாம் தடவை அவ்வளவு நாள் ஆகாது. உடம்பு அந்த மருந்தை அடையாளம் கண்டு வைத்திருக்கும். ஐந்து நாள், சில சமயம் இரண்டே நாள். அப்போது கீழாநெல்லிக்கு நேரம் இருக்காது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு நிசப்தம் விழும், அந்த நிசப்தம் அவருக்குப் பிடிக்கும், அதற்காகவே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார். ஆறாவது வரி தவறான எண். முப்பத்து நான்கு வயதுப் பெண். அவளுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். தாளில் தொழில் என்ற இடத்தில் என்ன இருந்தது? நினைவில்லை. பார்த்திருக்க மாட்டார். படை என்றால் இடுப்பில் புடவை கட்டுகிற இடத்தில், வேர்வை தங்குகிற இடத்தில், எரிந்துகொண்டே இருக்கும். அதற்குப்போய் மாத்திரை. படையால் யாரும் சாவதில்லை. ஏழாவது வரியில் ஒருவர் எடுத்து நல்லா இருக்கேன் என்றார், எட்டாவதில் ஒருவர் எடுத்து நீங்கள் யார் எனக்கு ஏன் போன் போடுகிறீர்கள் போலீஸில் சொல்லட்டுமா என்றார். சிஸ்டர் ஆராய்ச்சி மையம், அனுமதி எண், எல்லாவற்றையும் ஒப்பித்து அவரையும் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லவைத்தார். அதற்குப் பதினான்கு நிமிடம் ஆனது. அந்தப் பதினான்கு நிமிடமும் ஒரே ஒரு காட்சி திரும்பத் திரும்ப. ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறாள், உள்ளங்கையில் வெள்ளை மாத்திரை. அவளுக்கு முகம் இல்லை. விழுங்குவதற்குள் காட்சி அறுந்து மறுபடி செம்பிலிருந்து தொடங்குகிறது. தின்றிருந்தால் என்ன செய்வேன்? யாரிடம் போய்ச் சொல்வது? இயக்குநரிடமா, அவர் குழுவின் முடிவுக்குத் தனி ஆள் பொறுப்பில்லை என்பார், விதி அப்படித்தான் இருக்கிறது. கோமதியிடம் சொன்னால் அன்றைக்கு ராத்திரி தோசை வார்க்கும்போது ஒரு தோசை கூடுதலாக வைப்பாள், அதுதான் கஷ்டம்.

"ஒம்பது" என்று சிஸ்டர் ஸ்கேலை இறக்கினார். "உங்களோடது வந்துட்டு சார். இசக்கியம்மாள், முக்கூடல் பக்கம்." இசக்கியம்மாள். இதுவரை 417 ஆக இருந்தது. முகம் இல்லாதவளுக்குப் பெயர் வந்துவிட்டது. எண்ணுக்கு மணி போனது. நாலாவது மணியில் ஓர் ஆண் குரல், பின்னால் பெண்களின் இரைச்சல். "அலோ, பீடிக் கடை. யாரு?" அந்த எண் வீட்டு எண் அல்ல, பீடி ஒப்படைக்கும் கடையின் எண். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொந்தப் போன் இல்லாதவள் கொடுத்த எண். "இசக்கியம்மாள்ட்டப் பேசணும்ங்க" என்றார் சிஸ்டர். "எந்த இசக்கியம்மா? இங்கன நாலு பேரு இருக்காளுவ." "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மஞ்சக் காமாலை வந்தவங்க." "பதினோரு வருஷமா? நான் இந்தக் கடைக்கு வந்தே ரெண்டு வருஷந்தான் ஆகுது." அந்த ஆள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இரைச்சலைப் பார்த்து என்னவோ கத்தினான். பதில்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன, ஒன்றும் பிரியவில்லை. பிறகு, "ஒருத்தி பொறவுதான் வருவாளாம். பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க. அவளான்னு தெரியல, அவளும் இசக்கிதான்" என்று வைத்துவிட்டான்.

பத்தாவது வரிக்குப் போகலாம். ஆனால் ஒன்பது முடியவில்லை, முடியாமல் ஸ்கேல் இறங்காது. சிஸ்டர் டப்பாவைத் திறந்து முறுக்கை எடுத்து இரண்டாக உடைத்தார். "தின்னுங்க சார். மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, காலைல சாப்பிட்டியளா?" சாப்பிட்டேன் என்றார். என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தார். நாலு இசக்கியம்மாள்கள் இருக்கிறார்கள் என்றால் இப்போது இருப்பது நாலு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாக இருந்து ஒன்று குறைந்து நாலாகியிருக்கலாம் அல்லவா. அந்த இரைச்சலுக்குள் யாராவது ஒருத்தி, காமாலை வந்த இசக்கியா, அவதான் போயிட்டாளே என்று சொல்லியிருக்கலாம், இரைச்சலில் கடைக்காரன் காதில் விழாமல் போயிருக்கலாம். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒவ்வொரு தடவையும் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணம் தயங்கிப் பிறகு தாண்டியது. அந்தத் தயக்கத்தைக் கவனிக்கத் தொடங்கியதும் வேறெதையும் கவனிக்க முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பெனாசிர் தலையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த நாற்பத்தொன்று ஒரு வாரத்து வேலை. சரிசெய்து மறுபடி பழக்கினால் கணினி இன்னும் ஒரு சதவீதம் கூடுதலாகச் சரி சொல்லும். ஒரு சதவீதம் என்பது அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, வியாழக்கிழமை மதியம் வரை. திரும்பத் தொடங்கலாம். ஏன் எழுதினேன்? காலியிடத்தைப் பார்த்தால் எழுதாமல் இருக்க முடியாத புத்தி. வில்பிரட் அதைப் படிப்பான் என்ற எண்ணம். இது உண்மையா, இல்லை என்னை நானே கூடுதலாகத் திட்டிக்கொள்ளக் கண்டுபிடித்ததா? திட்டிக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது, அதில் அவள் இல்லை, நான் மட்டும் இருக்கிறேன். முறுக்கை வாயில் போட்டார். சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்டது.

"அலோ" என்று ஒரு பெண் குரல். சிஸ்டர் எப்போது எண்ணைப் போட்டார் என்றே தெரியவில்லை. "இசக்கியம்மாளா? பதினோரு வருஷத்துக்கு முன்னாடி காமாலை வந்து பாளையங்கோட்டைல படுத்திருந்தீங்களா?" "ஆமா, நாந்தான். என்ன இப்ப?" நாந்தான். நல்லசிவத்தின் வாயிலிருந்த முறுக்கு மெல்லப்படாமல் நின்றது. சிஸ்டர் மையத்தின் பெயரைச் சொல்லி, மூன்று கேள்வி என்றார். கண் என்றைக்கு மஞ்சளானது. "படைக்கு மாத்திரை தின்னு ஒரு மாசத்துல. அதுக்கு முன்னாடியே ஓமட்டல், பீடி இலை வாடையே ஆகல. சோத்தப் பாத்தா ஓடுவேன்." வேறு மருந்து. "கீழாநெல்லி. மஞ்சளானப் பெறவு. அத ஒரு சின்ன டாக்டர் பிள்ளைட்டச் சொன்னேன், பெறவு குடிச்சேன்னு. அது பெறவுங்கத எழுதுனாப்புல தெரியல." சிஸ்டர் ஓரக்கண்ணால் நல்லசிவத்தைப் பார்த்தார். "மூணாவது, அந்த மாத்திரையத் திரும்பத் தின்னியளா?" மறுமுனையில் யாரோ இசக்கியம்மாளிடம் தட்டை நகர்த்தச் சொன்னார்கள். அவள் நகர்த்தினாள். நகர்த்துகிற சத்தம் கேட்டது. "எங்க தின்ன? காமாலை தெளிஞ்சப் பெறவு பெரிய டாக்டர் காகிதத்தப் பாத்து, இதத் தின்னலாம், பயப்படாதன்னு எழுதிக் குடுத்தாரு. சரி டாக்டர்னேன். படிச்சவுகட்ட வேற என்ன சொல்ல? வாங்கிட்டும் வந்தேன். வீட்டுல வந்து உக்காந்து யோசிச்சேன். இதத் தின்ன பெறவுதான ஓமட்டல் வந்துது, இதுதான என்னப் படுக்கப் போட்டுது, இவுக இல்லன்னா அது இல்லன்னு ஆயிருமா. கொண்டுபோய் எருக்குழியில போட்டுட்டேன். திரும்பப் போகையில கேட்டாகன்னா தின்னேன்னு சொல்லிருவோம்னு இருந்தேன். யாரும் கேக்கல. நீங்கதான் இப்பக் கேக்கிய, பதினோரு வருசங் கழிச்சு."

கூரை மின்விசிறி சுற்றுவது அப்போதுதான் தெரிந்தது, காற்று கழுத்தில் பட்டது. முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. தின்னவில்லை. எருக்குழியில் போட்டுவிட்டாள். செம்போடு நின்றவளுக்கு இப்போது முகம் வந்திருந்தது, யாருடைய முகம் என்று தெரியவில்லை, பஸ்ஸில் எப்போதோ பார்த்த ஒரு பெண்ணின் முகமாக இருக்கலாம், அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் புழக்கடைப் பக்கம் நடந்துபோனாள். நல்லசிவம் முறுக்கை மென்று விழுங்கினார். நன்றாக இருந்தது. ஓமம் போட்டிருந்தார்கள். "அந்தப் படை இப்ப எப்படி இருக்கும்மா?" என்று தன்னை அறியாமல் கேட்டார். அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை. "யாரு பேசுதது?" "இங்க ஒரு டாக்டர் சார்" என்றார் சிஸ்டர். "படைக்கென்ன, அது இருக்கு. வெயிலுக்கு வரும், மழைக்குப் போகும். மேலுக்குப் பூசுதேன். மாத்திரைன்னா பக்கத்துலயே போறதில்ல." பிறகு, "ஆமா, நான் செத்துப் போயிருந்தா யாருக்குப் போன் போட்டிருப்பிய?" என்றாள். அதில் கோபம் இல்லை, கேலிதான், பக்கத்தில் ஒருத்தி சிரித்ததும் கேட்டது. சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். நல்லசிவம் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தக் காகிதத்துல தின்னலாம்னு எழுதுனது நான்தாம்மா." ஒருவேளை வைத்துவிடுவாள். வைக்கட்டும். "நீங்களா" என்றாள். "நான்தான். தப்பா எழுதிட்டேன். கீழாநெல்லி குடிச்சீங்கன்னு மட்டும் பாத்தேன், எப்பக் குடிச்சீங்கன்னு பாக்கல." "பாக்கலல்லா." "பாக்கல." "சரி, இப்பயாவது மாத்தி எழுதுவியளா? எனக்குப் பெறவு வேற எவளாவது வந்திருப்பாளே, என்ன மாதிரித் தூரப் போடாதவ." "இப்பவே மாத்துறேன்." "மாத்துங்க. நான் சொன்னா எழுத மாட்டாக, நீங்க சொன்னா எழுதுவாக. நான் வைக்கட்டா, எம் பீடி எண்ணுததுக்கு நிக்குது."

எனக்குப் பெறவு வேற எவளாவது. அது ஒரு முள்ளாக உள்ளே தங்கியது. அதை எடுக்கப் பட்டியல் இருக்கிறது, இன்னும் முப்பத்திரண்டு வரிகள். ஆனால் அந்த முள்ளைத் தவிர மற்ற இடமெல்லாம் லேசாக இருந்தது, நனைந்த துணியைத் தோளிலிருந்து எடுத்ததுபோல. தப்பு தப்பாகவே இருந்தது, பூச்சியம் பூச்சியமாகவே அவர் கையெழுத்தோடு இருந்தது, வில்பிரட் சரியாகவே இருந்தான், கணினியும் சரி. இத்தனை பேருக்கும் முன்னால் ஒருத்தி சரியாக இருந்திருக்கிறாள், எருக்குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அவளுக்கு மூலக்கூறு தெரியாது, நொதி தெரியாது. எது முதலில், எது பிறகு என்பது தெரிந்திருந்தது. சிஸ்டர் கணினித் திரையில் ஒன்பதாவது வரியைத் திறந்து, திரும்பச் சாப்பிட்டாரா என்பதற்கு இல்லை என்று போட்டார். ஏன் என்று அது கேட்டது. மூன்று விடைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மருத்துவர் நிறுத்தினார். மருந்து கிடைக்கவில்லை. நோயாளி ஒத்துழைக்கவில்லை. சிஸ்டர் மூன்றாவதைத் தொட்டார். "இருங்க சிஸ்டர்" என்றார் நல்லசிவம். எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார். பெனாசிர் காதிலிருந்ததைக் கழற்றினாள். இன்னொரு விடை வேண்டும், நோயாளியே கண்டுகொண்டு நிறுத்தினார் என்று, சேர்க்க முடியுமா என்று கேட்டார். "சேக்கலாம் சார். ஆனா ஒருத்தருக்காக ஒரு விடை போட்டா மெஷின் அதுலருந்து ஒண்ணும் கத்துக்காது. எத்தன பேரு வருவாங்க?" "இன்னும் முப்பத்திரண்டு பேர் இருக்காங்களே. கேட்டுப் பாப்போம்." அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டத் தொடங்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது இடது கை அரித்தது. சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தார். சிவந்த சின்னத் தடிப்பு, நடுவில் ஒரு புள்ளி. கொசு. "உங்களோடது முடிஞ்சிட்டே சார், கிளம்பலையா?" என்றார் சிஸ்டர், புதிய விடையைப் படித்துப் பார்த்து அதைத் தொட்டுக்கொண்டே. "இருக்கேன். முறுக்கு இன்னும் இருக்கா?" சிஸ்டர் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஸ்கேலைப் பத்தாவது வரிக்கு இறக்கினார்.